செட்டில்மெண்டில் விட்டுப்போகும் அந்த ஒரு வரி: பெற்றோர் பராமரிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சார்பதிவாளர் அலுவலக வாசலில் செட்டில்மெண்ட் பத்திரம், அதாவது உயிரோடு இருக்கும்போதே சொத்தை எழுதிக்கொடுக்கும் பத்திரம், படித்துக் காட்டும்போது சில முறை உடன் இருந்திருக்கிறேன். "உன் மேல் எனக்குள்ள அன்பினாலும் பிரியத்தினாலும் இந்தச் சொத்தை உனக்குக் கொடுத்துவிட்டேன். இனி எக்காலத்திலும் இதை ரத்து செய்ய எனக்கு அதிகாரமில்லை." எழுத்தர் மூச்சுவிடாமல் படிப்பார், அம்மா தலையாட்டுவார், பிறகு உள்ளே போய் விரல் ரேகை வைப்பார். சோறு, மருந்து, தங்க ஓர் அறை என்று எதுவும் அந்தப் பத்திரத்தில் இருக்காது. நம் குடும்பங்களில் நடக்கும் தவறுகளில் பெரியது இதுதான்.

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-இன் 23-ஆவது பிரிவு இங்கேதான் உதவுகிறது. "என்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்ற நிபந்தனையோடு 60 வயது நிறைந்தவர் சொத்தை எழுதிக்கொடுத்து, வாங்கியவர் பார்த்துக்கொள்ளவில்லை என்றால், அந்தப் பத்திரத்தைச் செல்லாததாக்கக் கேட்கலாம். சிக்கல் அந்த நிபந்தனையில்தான் இருக்கிறது. அது இருந்ததாக நிரூபிக்காமல் பத்திரத்தை ரத்து செய்ய முடியாது என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம், இது முதியவர்களைக் காப்பதற்கான சட்டம், தாராளமாகவே பொருள் கொள்ள வேண்டும் என்று சொல்லி, ஒரு தாய்க்கு வீட்டைத் திருப்பிக் கொடுத்தது. "அன்பும் பாசமும்" என்று எழுதியிருப்பதே மறைமுகமான நிபந்தனைதான் என்று அதே ஆண்டு சென்னை உயர் நீதிமன்றமும் சொன்னது. நல்ல தீர்ப்புகள்தான். ஆனால் எண்பது வயதில் யாரும் தீர்ப்பை நம்பி வீட்டை எழுதிவைக்கக் கூடாது. "ஆயுள் முழுக்க இந்த வீட்டிலேயே குடியிருக்கும் உரிமை எனக்கு உண்டு, உணவும் மருத்துவமும் நீ தரவேண்டும், தவறினால் ரத்து செய்வேன்" என்று பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். அப்படி எழுதத் தயங்கும் பிள்ளைக்கு உயில் போதும். உயிலை உயிரோடு இருக்கும்வரை மாற்றிக்கொள்ளலாம்.

அடுத்து, பிள்ளைகள் தரப்பில் அடிக்கடி கேட்கும் பேச்சு: "எனக்கென்ன சொத்தா கொடுத்தார்? நான் ஏன் பார்க்கணும்?" பெற்ற பிள்ளையின் கடமைக்கும் சொத்துக்கும் சம்பந்தமில்லை. பிள்ளையில்லாத முதியவர் என்றால்தான், அவர் சொத்தை வைத்திருக்கிற அல்லது அவருக்குப் பின் அடையப்போகிற உறவினர் மேல் பொறுப்பு விழும். அதேபோல, "கட்டிக்கொடுத்த பொண்ணுகிட்ட எப்படிக் கேட்பது" என்று அப்பாக்கள் தயங்குகிறார்கள். திருமணமான மகளுக்கும் இந்தக் கடமை உண்டு என்று 1987-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2007 சட்டத்தில் மகன், மகள், வயதுவந்த பேரன், பேத்தி எல்லோரும் வருகிறார்கள். ஒருவர் மேல் மட்டும் மனு போட்டால், அவர் மற்றவர்களையும் வழக்கில் சேர்க்கச் சொல்லலாம். அண்ணன் பார்த்துக்கொள்வான் என்று தம்பி ஒதுங்க முடியாது.

மருமகள் விஷயத்தில் நேர்மாறான தவறு நடக்கிறது. 'பிள்ளைகள்' என்று சட்டம் சொல்வதில் மருமகளும் மருமகனும் இல்லை. மகனோடு சண்டை, மருமகளை வீட்டைவிட்டு வெளியேற்ற இந்தச் சட்டம் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அவருக்குத் தரும் குடியிருப்பு உரிமையை இப்படிப் பறிக்க முடியாது என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது.

"எனக்கு இன்னும் அறுபது ஆகவில்லையே" என்றும் சிலர் காத்திருக்கிறார்கள். பெற்றோருக்கு வயது வரம்பே கிடையாது. தன் வருமானத்தில், தன் சொத்தில் பிழைக்க முடியவில்லை என்றால் ஐம்பத்தைந்து வயது அம்மாவும் ஜீவனாம்சம் கேட்கலாம். தத்தெடுத்து வளர்த்த தாய் தந்தைக்கும் மாற்றாந்தாய்க்கும் இதே உரிமைதான்.

சரி, எங்கே போவது? தமிழ்நாட்டில் ஆர்.டி.ஓ. எனப்படும் கோட்டாட்சியரே இந்த மனுக்களை விசாரிக்கும் தீர்ப்பாயம். மகன் சென்னையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே மனு கொடுக்கலாம். நடக்க முடியாதவர் வேறொருவருக்கு அதிகாரம் கொடுத்து அனுப்பலாம். நோட்டீஸ் போய்ச் சேர்ந்ததிலிருந்து 90 நாளில் முடிக்க வேண்டும், மிஞ்சினால் இன்னும் 30 நாள். அதுவரை இடைக்காலத் தொகையும் கேளுங்கள், பலர் இதைக் கேட்பதே இல்லை. மாத்திரைச் சீட்டு, மளிகை, வாடகை என்று மாதக் கணக்கை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். "ஏதோ பார்த்துக் கொடுங்க" என்று மனுவில் எழுதினால் தொகையும் அப்படித்தான் வரும்.

இங்கே கிடைப்பது அதிகபட்சம் மாதம் 10,000 ரூபாய். பிள்ளைகளுக்கு வசதி அதிகம், மருத்துவச் செலவும் அதிகம் என்றால் நீதிமன்றத்தில் பி.என்.எஸ்.எஸ். எனப்படும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144-ஆவது பிரிவில் (பழைய சி.ஆர்.பி.சி. 125) கேளுங்கள், அங்கே உச்சவரம்பு இல்லை. ஆனால் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். அதனால் மனு போடும் முன்பே யோசித்துவிட வேண்டும்.

உத்தரவு வந்த பிறகும் பணம் வரவில்லை என்றால், "இந்த மாதம் கஷ்டமாம், அடுத்த மாதம் சேர்த்துத் தருவான்" என்று மாதங்களைக் கடத்தாதீர்கள். பணம் வரவேண்டிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் தீர்ப்பாயத்தில் மனு கொடுத்தால்தான் அந்த நிலுவைக்கு வாரண்ட் பிறப்பிப்பார்கள். அப்புறமும் கட்டாவிட்டால் ஒரு மாதம்வரை சிறை. தீர்ப்பாயம் மனுவையே தள்ளிவிட்டால் 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். எங்கே தொடங்குவது என்றே புரியாதவர்கள் 14567 என்ற முதியோர் உதவி எண்ணில் கேட்டுக்கொள்ளலாம்.