மார்க் போடாமல் கணக்கு நோட்டைத் திருத்துவது எப்படி

விடைத்தாளைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் வகுப்பைக் கொஞ்சம் கவனியுங்கள். பிள்ளைகள் முதலில் மூலையில் வட்டம் போட்ட எண்ணைப் பார்ப்பார்கள், பிறகு பக்கத்தில் இருப்பவன் தாளை எட்டிப் பார்ப்பார்கள், அப்புறம் தாள் பைக்குள் போய்விடும். ராத்திரி உட்கார்ந்து ஓரத்தில் நீங்கள் எழுதிய குறிப்பைச் சீண்ட ஆள் இருக்காது. இஸ்ரேலில் ரூத் பட்லர் என்ற ஆய்வாளர் பள்ளிப் பிள்ளைகளிடம் இதைச் சோதித்து 1988-இல் வெளியிட்டார்: குறிப்பு மட்டும் வாங்கியவர்கள் முன்னேறினார்கள், மதிப்பெண்ணும் குறிப்பும் சேர்த்து வாங்கியவர்களுக்கு அந்தக் குறிப்பால் பெரிய பயன் இல்லை.

அதற்காக நாளையே எல்லாவற்றையும் மாற்ற வேண்டாம். ஒரு பாடம் போதும். ஆறாம் வகுப்புப் பின்னத்தையே எடுத்துக்கொள்வோம். 1/2 + 1/3 எவ்வளவு என்றால் மேலே மேலே, கீழே கீழே கூட்டி 2/5 என்று எழுதும் பிள்ளைகள் எந்த வகுப்பிலும் உண்டு. பெருக்கல் குறியும் பூஜ்யமும் போட்டால் வேலை முடிந்தது, ஆனால் அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. அதற்குப் பதிலாக, "2/5 பாதியை விடப் பெரியதா, சின்னதா? பாதியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் பாதியை விடக் குறையுமா?" என்று எழுதுங்கள். இரண்டு காகிதப் பட்டைகளை மடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். விடையை நீங்கள் எழுதிவிடாதீர்கள், அதுதான் முக்கியம். "நன்று", "கவனம் தேவை" இதெல்லாம் குறிப்பில் சேராது.

நாற்பது நோட்டுக்கு இப்படி எழுத முடியுமா என்றால், முடியாது. தவறுகள் பெரும்பாலும் நாலைந்து வகைதான் வரும், அவற்றுக்கு அ, ஆ, இ என்று பெயர் வைத்து நோட்டில் எழுத்தை மட்டும் போடுங்கள். கேள்விகளைக் கரும்பலகையில் எழுதிவிட்டால் பிள்ளைகளே தங்களுடையதைப் பார்த்து எழுதிக்கொள்வார்கள். திருத்த வகுப்பிலேயே இருபது நிமிடம் கொடுங்கள் (வீட்டுக்கு அனுப்பினால் அண்ணனோ அக்காவோ போட்டுத் தருவார்கள்). இரண்டு நாள் கழித்து 1/4 + 2/3 கொடுத்துப் பாருங்கள். 3/7 வந்தால் பழைய இடத்திலேயே நிற்கிறார்கள், 11/12 வந்தால் பிடித்துவிட்டார்கள்.

பதிவுக்கு ஒரு பெயர்ப் பட்டியல் போதும்: தானாகச் செய்கிறாள், உதவி வேண்டும், இன்னும் வரவில்லை. தமிழ்நாட்டில் தொடக்க வகுப்புகளுக்காக 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளின் கற்றல் நிலையைச் சொல்லும் அரும்பு, மொட்டு, மலர் என்ற பிரிவுகளும் கிட்டத்தட்ட இந்த மாதிரிதான். ஆனால் நிலையைச் சத்தமாகப் படிக்காதீர்கள், அரும்பு என்றால் என்ன அர்த்தம் என்று பிள்ளைகளுக்கு ஒரே நாளில் தெரிந்துவிடும், அப்புறம் அது ரேங்க்தான்.

சரி, பதிவேட்டுக்கு எண் வேண்டுமே? பருவத் தேர்வு தவிர வகுப்பிலேயே போடும் வளரறி மதிப்பீட்டின் (அ) பகுதி 20 மதிப்பெண்ணை இந்தப் பட்டியலிலிருந்தே எடுக்கலாம். சராசரி போடாதீர்கள். முதல் வாரம் தடுமாறி மூன்றாம் வாரம் சரியாகப் போட்டவளுக்குக் கடைசி நிலைதான் கணக்கு. பெற்றோர் வந்து எவ்வளவு மார்க் என்று கேட்டால் நோட்டின் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் திறந்து காட்டுங்கள், பாதிப் பேர் அதற்கு மேல் கேட்பதில்லை.

பிள்ளைகள்தான் விடமாட்டார்கள். முதல் வாரம் முழுக்க "மிஸ், மார்க் போடலையே" என்று நோட்டோடு வந்து நிற்பார்கள். வாய் தவறிக்கூட எண்ணைச் சொல்லிவிடாதீர்கள்.