டெல்லிச் சுற்றுலாவில் ஆக்ராவுக்கு ஒரு நாள் ஒதுக்கலாமா? முதல்முறை செல்வோருக்குப் படிப்படியான விளக்கம்

டெல்லிக்கு நான்கைந்து நாள் சென்றுவரத் திட்டமிடும் எந்தக் குடும்பத்திலும், "அவ்வளவு தூரம் போய்விட்டுத் தாஜ்மகாலைப் பார்க்காமல் திரும்புவதா?" என்று யாராவது ஒருவர் கேட்காமல் இருப்பதில்லை. கேட்பது நியாயமே. ஆயினும் இதில் முடிவெடுக்க, தாஜ்மகாலின் அழகைப் பற்றி யோசிப்பதைவிட, அந்த ஒரு நாளுக்காக டெல்லியில் எவற்றை விட்டுக்கொடுக்க நேரும் என்று கணக்கிடுவதே உதவும். அந்தக் கணக்கைக் கீழ்க்கண்ட வரிசையில் போட்டுப் பாருங்கள்.

படி 1: டெல்லியின் முழு நாட்களை எண்ணுங்கள்

போய்ச் சேரும் நாளையும் புறப்படும் நாளையும் கணக்கில் சேர்க்காதீர்கள். விமான நிலையத்திலும், விடுதியில் அறை எடுப்பதிலும் காலி செய்வதிலும் அவற்றின் பெரும்பகுதி கரைந்துவிடும். எஞ்சும் நாட்களே முழு நாட்கள். செங்கோட்டை, ஜும்மா மசூதி, சாந்தினி சௌக் ஆகியவற்றுக்கு ஒரு நாள், குதுப்மினாருக்கும் ஹுமாயூன் சமாதிக்கும் ஒரு நாள், தேசிய அருங்காட்சியகம், இந்தியா கேட், அக்சர்தாம் போன்றவற்றுக்கு ஒரு நாள் என்று வைத்தால், முதல்முறை செல்வோருக்கு டெல்லியே மூன்று முழு நாட்களைக் கேட்கும். ஆகவே நான்கு முழு நாட்கள் இருந்தால் ஆக்ராவைத் தயங்காமல் சேர்க்கலாம். இரண்டுதான் இருக்கின்றன என்றால் சேர்க்க வேண்டாம் என்பதே என் கருத்து. மூன்று நாட்கள் உள்ளவர்களுக்குத்தான் அடுத்துவரும் படிகள் மிகவும் தேவைப்படும்.

படி 2: கிழமையைப் பாருங்கள்

பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். தாஜ்மகால் வெள்ளிக்கிழமைகளில் பார்வையாளர்களுக்குத் திறக்கப்படுவதில்லை. டெல்லியில் செங்கோட்டை, தேசிய அருங்காட்சியகம், அக்சர்தாம், தாமரைக் கோயில் ஆகிய நான்குமே திங்கட்கிழமைகளில் மூடியிருக்கும். அதாவது, உங்கள் பயணத்தில் திங்கட்கிழமை ஒன்று வருமானால், டெல்லியில் மிகக் குறைவாக இழக்கும் நாள் அதுவே; மூன்று முழு நாட்கள் மட்டுமே உள்ளவர்கள்கூட அந்த நாளை ஆக்ராவுக்குக் கொடுக்கலாம். பயணத் தேதிகளை இன்னும் முடிவு செய்யாதவர்கள், நடுவில் ஒரு திங்கள் வரும்படி அமைத்துக்கொண்டால் பாதிச் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும்.

படி 3: அறையிலிருந்து அறை வரை மணிக்கணக்குப் போடுங்கள்

ரயில் எத்தனை மணி நேரத்தில் போகும் என்பதை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. எடுத்துக்காட்டாக, ஹஸ்ரத் நிசாமுதீன் நிலையத்திலிருந்து காலை எட்டு மணியளவில் புறப்படும் கதிமான் எக்ஸ்பிரஸ், மணிக்கு 160 கிலோமீட்டர் வரை வேகமெடுத்து, சுமார் 100 நிமிடங்களில் ஆக்ரா கண்டோன்மெண்ட் நிலையத்தை அடைந்துவிடுகிறது. மாலை ஆறு மணிக்குச் சற்று முன்பு அங்கிருந்து திரும்புகிறது. வெள்ளிக்கிழமை இந்த ரயிலும் ஓடாது. நீங்கள் கரோல்பாக் பகுதியில் தங்கியிருந்தால், காலை ஏழு மணிக்கே அறையை விட்டுக் கிளம்ப வேண்டும். இரவு திரும்பி வர எட்டரை மணி ஆகும். மொத்தம் பதிமூன்றரை மணி நேரம். இரண்டு ரயில்களுக்கும் இடையில் ஆக்ராவில் எட்டு மணி நேரம் கிடைத்தாலும், நிலையத்திலிருந்து போக, வர, பாதுகாப்புச் சோதனை வரிசையில் நிற்க என்று இரண்டு மணி நேரம் கழிந்துவிடுவதால், கையில் நிற்பது ஆறு மணி நேரமே.

அந்த ஆறு மணி நேரம் எதற்குப் போதும்? தாஜ்மகாலுக்கு மூன்று மணி நேரம், சாப்பாட்டுக்கு ஒரு மணி, ஆக்ரா கோட்டைக்கு இரண்டு மணி. கோட்டையைத் தவிர்த்துவிடாதீர்கள் என்று அழுத்திச் சொல்வேன். மகன் ஔரங்கசீப்பால் 1658-இல் சிறைவைக்கப்பட்ட ஷாஜகான், 1666-இல் இறக்கும்வரை இருந்தது அங்கேதான். மனைவிக்குத் தான் எழுப்பிய சமாதியை அவர் பார்த்திருந்த அதே திசையில், யமுனையின் வளைவுக்கு அப்பால் தாஜ்மகாலை நீங்களும் பார்க்கலாம். ஆனால் அக்பர் 1571-இல் கட்டத் தொடங்கிய பத்தேபூர் சிக்ரியையும் அதே நாளில் சேர்க்க முயல வேண்டாம். ஆக்ராவிலிருந்து 40 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரம்தான் என்றாலும், போய் வந்து பார்க்க அரை நாள் ஆகிவிடும்.

காரில் செல்வதானால், 2012-இல் திறக்கப்பட்ட யமுனா விரைவுச்சாலை 165 கிலோமீட்டர் நீளமுடையது. நகர நெரிசலையும் சேர்த்தால் ஒரு வழிக்கு மூன்றரை முதல் நான்கு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: பருவத்தைச் சேர்த்து எண்ணுங்கள்

டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் வட இந்தியாவில் மூடுபனி அடர்த்தியாக இறங்கும். ரயில்கள் பல மணி நேரம் தாமதமாகலாம். காலையில் தாஜ்மகாலின் குவிமாடமே கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். விரைவுச்சாலையில் பனிமூட்டத்தில் காரில் செல்வது ஆபத்தானது. மே, ஜூன் மாதங்களில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும் என்பதால், நண்பகலில் நிழலற்ற பளிங்குத் தளத்தில் நிற்பது இளைஞர்களையே சோர்வடையச் செய்யும். அக்டோபர் கடைசி முதல் நவம்பர் வரையிலும், பிப்ரவரி, மார்ச் மாதங்களிலும் செல்வது நல்லது.

படி 5: உடன் வருபவர்களை நினைத்துப் பாருங்கள்

காற்று மாசால் பளிங்கு பாழாகாமல் காக்க, புகை கக்கும் வாகனங்களைத் தாஜ்மகாலின் அருகில் விடுவதில்லை. வாகன நிறுத்துமிடத்திலிருந்து மின்கல வண்டியில் செல்லலாம் என்றாலும், உள்ளே நடை அதிகம். சமாதிக்கு ஏறப் படிகளும் உண்டு. உணவுப் பொருட்களையும் பெரிய பைகளையும் உள்ளே அனுமதிப்பதில்லை. முழங்கால் வலியுள்ள பெரியவர்களோ கைக்குழந்தையோ உடன் இருந்தால், பதிமூன்றரை மணி நேரப் பயணத்துக்குப் பதிலாக ஆக்ராவில் ஓர் இரவு தங்கிவிடுங்கள். சூரிய உதயத்துக்கு முன்பே தாஜ்மகால் திறக்கப்படுவதால், கூட்டம் சேர்வதற்குள் நிதானமாகப் பார்த்துவிடவும் முடியும்.

படி 6: மாற்று வழிகளையும் எடைபோடுங்கள்

சென்னையிலிருந்து ரயிலில் செல்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. டெல்லி செல்லும் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ் ஆக்ரா வழியாகவே போகிறது. போகும்போதோ திரும்பும்போதோ ஆக்ராவில் இறங்கித் தங்கினால், ஒரே பாதையில் இருமுறை அலைய வேண்டியதில்லை. விமானத்தில் செல்பவர்களுக்கு, நாள் போதாவிட்டால், ஹுமாயூன் சமாதியில் ஒரு மாலைப்பொழுது முழுவதையும் செலவிடுங்கள் என்பேன். நான்கு கூறாகப் பிரித்த தோட்டத்தின் நடுவே உயர்ந்த மேடைமீது குவிமாடத்தோடு நிற்கும் அந்தக் கட்டடம், தாஜ்மகாலுக்கு அறுபது ஆண்டுகளுக்கு முந்தையது. அதன் முன்னோடி என்று வரலாற்றாசிரியர்கள் கருதுவது. அதைக் கண்டவர் டெல்லியில் குறைபட்டுக்கொள்ள ஒன்றுமில்லை.

படி 7: முடிவெடுத்தபின் முன்பதிவு செய்யுங்கள்

முதலில் ரயிலுக்குப் போக, வர இரண்டு சீட்டுகளையும் எடுங்கள். முன்பதிவு 60 நாட்களுக்கு முன் தொடங்கும். அடுத்து, இந்தியத் தொல்லியல் துறையின் இணையதளத்தில் தாஜ்மகால் நுழைவுச்சீட்டு வாங்குங்கள். சமாதி மண்டபத்துக்குள் செல்லத் தனிக் கட்டணம் உண்டு என்பதால், இரண்டையும் சேர்த்தே வாங்கினால் அங்கே மீண்டும் வரிசையில் நிற்க வேண்டாம். ஊர் திரும்பும் நாளுக்கு முந்தைய நாளில் ஆக்ராவை வைக்காதீர்கள். திரும்பும் ரயில் தாமதமானாலும் ஓய்வெடுக்க இடமிருக்கும்படி பயணத்தின் நடுவில் வைத்து, மறுநாள் காலை பத்து மணிவரை எதையும் திட்டமிடாமல் விட்டுவிடுங்கள்.