பேரிங் குண்டு வரிசையில் ஒலியை வடிகட்டுவது எப்படி

ஒரே அளவு எஃகுக் குண்டுகளை ஒட்டி ஒட்டி வரிசையாக வைத்து நெருக்கினால், அந்த வரிசை குறைந்த அதிர்வெண்களை விட்டுவிட்டு உயர்ந்தவற்றை நிறுத்திவிடும். எதுவரை விடும் என்பதை நெருக்கும் பளு தீர்மானிக்கிறது. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் செம்பனை ஆலை ஃபிட்டராக இருக்கிறேன். படிவம் 4, 5 படிக்கும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு நான் முதலில் செய்யச் சொல்வது இதைத்தான். அலையைப் படத்தில் மட்டும் பார்த்த பிள்ளை, தான் அடுக்கிய வரிசையில் அதை அளந்துவிட்டால் அப்புறம் அந்தப் பாடத்துக்குப் பயப்படாது.

முக்கால் அங்குலக் குண்டு 20 வாங்குங்கள். ஒன்று 28 கிராம் வரும். ஆலையில் கழற்றிப் போட்ட பேரிங்கில் குண்டு நிறையவே கிடைக்கும், ஆனால் குழி விழுந்தது இதற்கு ஆகாது. 2 கிலோ பளுவில் இரண்டு குண்டுகள் தொடும் இடத்தின் அகலம் 0.2 மில்லிமீட்டர்கூட இல்லை. அவற்றின் மையங்கள் ஏறக்குறைய ஒன்றரை மைக்ரோமீட்டர்தான் நெருங்குகின்றன. எல்லாமே அந்தச் சின்ன இடத்தில் நடப்பதால், ஒரு துருப்பொட்டோ கிரீஸ் படலமோ இருந்தாலும் அளவு மாறிவிடும். ஸ்பிரிட்டால் துடைத்த பிறகு துணியால் பிடித்தே எடுத்து வையுங்கள். நம் ஊர் ஈரத்தில் விரல் பட்ட இடம் சீக்கிரம் துருப்பிடிக்கும்.

தண்டவாளத்துக்கு, வயரிங் செய்யும் பிவிசி குழாய் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினால் போதும். நடுப்பள்ளத்தில் குண்டுகள் நேராக உட்காரும். ஒரு முனையில் கனமான இரும்புக்கட்டையை வைஸில் இறுக்கி, அதன் முகத்தில் பீசோ வில்லையை (அதிர்வை மின்சாரமாக மாற்றும் வட்டத் தகடு) எப்பாக்சியால் ஒட்டுங்கள். கடைசிக் குண்டு அதன் நடுவில் தொட வேண்டும். மறுமுனையில், நடுவே துளையிட்ட மெல்லிய இரும்புப் பட்டையை முதல் குண்டின் மேல் சாத்துங்கள். துளை குண்டைவிடச் சிறியதாக இருக்கட்டும். பட்டையின் இரு ஓரத்திலும் கயிறு கட்டி, வரிசைக்கு இருபுறமும் கொண்டுபோய், வைஸுக்கு அப்பால் கப்பியில் போட்டுப் பளுவைத் தொங்க விடுங்கள். அவ்வளவுதான், வரிசை நெருங்கிவிடும்.

பீசோவின் வயரை லேப்டாப்பின் மைக் துளையில் சொருகி, ஒடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் பதிவு செய்யலாம். மூங்கில் குச்சி நுனியில் 4 மில்லிமீட்டர் குண்டு ஒன்றை ஒட்டி, பட்டையின் துளை வழியாக முதல் குண்டை மெல்லத் தட்டுங்கள். சிறிய கடினமான குண்டின் தட்டலில் எல்லா அதிர்வெண்ணும் கலந்திருக்கும். ஓங்கித் தட்டினால் பளுவின் நெருக்கத்தை அடி மீறிவிடும், கணக்கு பொருந்தாது.

முதலில் 19 குண்டை எடுத்துவிட்டு, ஒரே குண்டை வைத்துத் தட்டிப் பதியுங்கள். பீசோவுக்கே சொந்தமாக ஒரு ரீங்காரம் உண்டு. அதைத் தெரிந்துகொள்ளாமல் வரிசையின் குணத்தைப் படிக்க முடியாது. பிறகு 20 குண்டோடு பதிந்து, இரண்டின் ஸ்பெக்ட்ரத்தையும், அதாவது எந்த அதிர்வெண் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் கோட்டுப்படத்தையும், ஒப்பிடுங்கள். 2 கிலோவில் கணக்குப்படி 8.2 கிலோஹெர்ட்ஸ் பக்கம் கோடு சரிய வேண்டும். அதுதான் எல்லை. குண்டு குறைவு என்பதால் செங்குத்தாக விழாது, சரிவாகத்தான் இறங்கும்.

ஏன் நிற்கிறது? மெதுவான அசைவில் பக்கத்துக் குண்டுகள் சேர்ந்தே நகரும். அதிர்வெண் ஏற ஏற அவை பின்தங்கி, எல்லையில் அடுத்தடுத்த குண்டுகள் எதிரெதிராக ஆடும். அதற்கு மேல் வரிசையால் ஈடுகொடுக்க முடியாது. அசைவு குண்டுக்குக் குண்டு தேய்ந்து போகும்.

பளுவை 4 கிலோ ஆக்கினால் எல்லை 9.2 கிலோஹெர்ட்ஸுக்கு ஏறும். குண்டுகள் தொடும் இடத்தின் விறைப்பு பளுவின் மூன்றாம் மூலத்தோடு கூடுகிறது, இது 1880களின் தொடக்கத்தில் ஜெர்மன் இயற்பியலாளர் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் கண்ட விதியிலிருந்து வருவது. அதிர்வெண் விறைப்பின் இருமடி மூலம் என்பதால், பளுவின் ஆறாம் மூலம்தான் மிஞ்சும். எல்லையை இரட்டிப்பாக்க 64 மடங்கு பளு வேண்டும். இந்த ஒன்றைப் பிள்ளைகள் கையால் கண்டுபிடிக்கும்வரை நான் சொல்வதே இல்லை.

நேரமிருந்தால் வேகத்தையும் பாருங்கள். 2 கிலோவில் அலை நொடிக்கு ஏறக்குறைய 490 மீட்டர் போகும். திண்ம எஃகில் அது 5,000க்கு மேல்! பளுவை முழுக்க எடுத்துவிட்டால் சாதாரண ஒலி நகரவே முடியாது. 1983இல் சோவியத் இயற்பியலாளர் வித்தாலி நெஸ்தெரென்கோ கணித்தபடி, ஏறக்குறைய ஐந்து குண்டு அகலமுள்ள ஒற்றைத் துடிப்புதான் ஓடும். ஓங்கித் தட்டினால் அது வேகமாகவும் போகும்.

அடுத்த வாரத்துக்கு ஒரு வேலை: அதே அளவு அலுமினியக் குண்டு பத்தை எஃகோடு மாற்றி மாற்றி வைத்துப் பதியுங்கள். நடுவில் ஒரு அதிர்வெண் பட்டை அடைபட்டு, அதற்கு மேல் மறுபடி ஒரு அதிர்வெண் பட்டை திறக்கும். அலுமினியம் மென்மையானது, எஃகோடு ஒரே டப்பாவில் போட்டால் கீறிவிடும். தனியாகத் துணியில் சுற்றி வையுங்கள்.