'ஆனா'வை அடித்துவிட்டு மன்னிப்புக் கேளுங்கள்

ஆராதனையில் பைபிளின் 51ஆம் சங்கீதத்தை வாசிக்க வேண்டிய பையன் 15ஐ வாசித்துவிட்டான். வாசிப்புப் பட்டியல் போடுகிறவன் நான். ஆலய வாசலில், நாலு பேர் முன்னால், "ஒரு தடவை சரிபார்க்க மாட்டியா?" என்று திட்டிவிட்டேன். அவன் எதிர்த்துப் பேசவில்லை. சட்டைப்பையிலிருந்த சீட்டை என் கையில் கொடுத்துவிட்டுப் போனான். வீட்டுக்கு வந்து பிரித்தால், என் கையெழுத்தில் 15.

சாயங்காலம் போன் செய்தேன். "தம்பி, மன்னிச்சுக்கோ. ஆனா நீயும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்." "சரி அங்கிள்" என்று வைத்துவிட்டான். ராத்திரி ஜெபம் பண்ண உட்கார்ந்தால் வாய் வரவில்லை.

அப்புறம் நான் செய்ததைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன். ஒரு தாளில் செய்த தப்பை ஒரே வாக்கியமாக எழுதுங்கள். "ஆண்டவரே, நான் மகா பாவி" என்று எழுதாதீர்கள். அதைச் சொல்ல யாருக்கும் கஷ்டமில்லை. "நான் தப்பாக எழுதியதற்கு அவனைத் திட்டினேன்" என்பதுதான் தொண்டையில் சிக்கும். சிக்குகிற வாக்கியம் வரும்வரை எழுதுங்கள். எனக்கு நாலு தடவை ஆயிற்று. முதல் மூன்றிலும் 'அவசரத்தில்', 'களைப்பில்' என்று ஏதோ ஒன்று நுழைந்திருந்தது. அதையெல்லாம் அடித்துவிடுங்கள். 'ஆனா'வை இரண்டு கோடு போட்டு அடியுங்கள். 'உன் மனசு புண்பட்டிருந்தால்' என்பதும் வேண்டாம். புண்பட்டது.

பைபிளில் வரும் ராஜாக்கள் சவுலும் தாவீதும் சொன்னது ஒரே வார்த்தைதான்: பாவஞ்செய்தேன். கர்த்தருடைய கட்டளையை மீறிய சவுல் (1 சாமுவேல் 15) ஜனங்களுக்குப் பயந்து செய்தேன் என்று காரணம் சொன்னான். மூப்பருக்கு முன்பாக என்னைக் கனம்பண்ணும் என்றும் தீர்க்கதரிசி சாமுவேலைக் கேட்டுக்கொண்டான். தாவீது செய்ததோ விபசாரம், கொலை. தீர்க்கதரிசி நாத்தான் முகத்துக்கு நேராகச் சொன்னதும், "நான் கர்த்தருக்கு விரோதமாய்ப் பாவஞ்செய்தேன்" என்றான், அவ்வளவுதான் (2 சாமுவேல் 12:13). கர்த்தர் உன் பாவத்தை நீக்கினார் என்ற பதில் அதே வசனத்திலேயே வந்துவிட்டது. அதற்காக விளைவு எதுவும் இல்லாமல் போகவில்லை, அந்த உறவில் பிறந்த குழந்தை இறந்தது. இரக்கம் கிடைத்தால் நடந்தது நடக்காததாகிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

ஜெபத்தில் சொல்லியாயிற்று என்று நின்றுவிடவும் வேண்டாம். காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்பது இயேசுவின் வார்த்தை (மத்தேயு 5:24). நாலு பேர் முன்னால் திட்டினால் போனில் மன்னிப்புக் கேட்பது போதாது. அதே இடம், முடிந்தால் அதே நாலு பேர். பணம் என்றால் திருப்பிக் கொடுங்கள். பைபிளில் வரி வசூலித்த சகேயு, அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாக, நாலு மடங்காகக் கொடுக்கிறேன் என்றான். நீங்கள் எடுத்ததையாவது கொடுங்கள்.

இதில் ஒரு பள்ளம் இருக்கிறது, நானே விழுந்தது. லூக்கா 18இல் இயேசு சொன்ன கதையில், மதத்தில் கண்டிப்பான பரிசேயன் தன் பெருமையைச் சொல்லி ஜெபித்தான்; வரி வசூலிக்கிற ஆயக்காரன் பாவி என்று மார்பில் அடித்துக்கொண்டான். அந்த ஆயக்காரனைப் போல மார்பில் அடித்துக்கொண்ட கையோடு, "அந்தப் பரிசேயனைப் போல நான் இல்லாததால் ஸ்தோத்திரம்" என்று மனசு பாட ஆரம்பிக்கும். சிரித்துவிட்டு அதையும் தாளில் எழுதிவிடுங்கள்.

கடைசியாக, மன்னிப்பை வாங்கிக்கொள்ளவும் தெரிய வேண்டும். எனக்கு இதுதான் ரொம்பக் கஷ்டம். இயேசு சொன்ன கதையில், சொத்தை அழித்துவிட்டுத் தகப்பனிடம் திரும்பிய கெட்ட குமாரன் வழியெல்லாம் மனப்பாடம் செய்து வந்ததில் கடைசி வரி, கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும் என்பது. லூக்கா 15:19ஐயும் 21ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்த வரியை அவன் சொல்லவே இல்லை. அதற்குள் தகப்பன் வஸ்திரம் கொண்டுவரச் சொல்லிவிட்டார். ஒரே பாவத்துக்கு முப்பதாவது தடவை மன்னிப்புக் கேட்கிறவர்கள், அந்த வரியைச் சொல்லியே தீருவேன் என்று வாசலில் நிற்கிறவர்கள்.

அடுத்த ஞாயிறு அதே வாசலில் சீட்டைக் காட்டி, "தம்பி, தப்பு என்னுடையது. உன்னைத் திட்டினேன். மன்னிச்சுக்கோ" என்றேன். எல்லோரும் கேட்டார்கள். அவன் காது சிவந்துவிட்டது. "விடுங்க அங்கிள். இனிமே நம்பரை எழுத்தால எழுதிக் குடுங்க" என்றான்.

இப்போது சீட்டில் 'ஐம்பத்தொன்று' என்றே எழுதுகிறேன்.