வருடக்கணக்கில் உலகம் சுற்றக் கிளம்புகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஜார்ஜியாவின் தலைநகர் டிபிலிசியில் ஒரு ஹாஸ்டலின் பொதுச் சமையலறையில் இரண்டு பேர் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வேலையை விட்டுவிட்டு ஒரு வருடத்துக்குக் கிளம்பியவர்கள், கிளம்பி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. எக்செல்லில் நாடு, ஊர், தங்கும் இடம், செலவு என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டம், தனி நிறம். அவ்வளவு அக்கறையாகப் போட்ட அட்டவணையில், பதினோரு வருடத்துக்கு முன்னால் விசா நாள் கணக்கில் நான் செய்த அதே தவறு அப்படியே இருந்தது. நள்ளிரவு தாண்டும் வரை உட்கார்ந்து அதைத் திருத்தினோம். மறுநாள் காலை இதை எழுத ஆரம்பித்தேன்.

பாஸ்போர்ட்டுக்கு நகல் எடுங்கள், பணத்தை இரண்டு இடத்தில் வையுங்கள் என்றெல்லாம் சொல்லப்போவதில்லை, அது எல்லோருக்கும் தெரியும். நன்றாகப் படித்துத் தயாராகி வருகிறவர்களும் சறுக்குகிற இடங்களை மட்டும் சொல்கிறேன்.

விசாவில் இருக்கும் தேதியைத் தங்கும் நாள் என்று நினைப்பது

ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குள் போய்வர வைக்கிற ஷெங்கன் விசாவின் ஸ்டிக்கரை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று இரண்டு தேதிகள் இருக்கும். அதற்குக் கீழே எத்தனை முறை நுழையலாம், எத்தனை நாள் தங்கலாம் என்று இரண்டு சின்ன விவரங்கள். கண் நேராகத் தேதியில் போய் நின்றுவிடும், கீழே இறங்காது. அந்தத் தேதிகள் கதவு திறந்திருக்கும் காலத்தை மட்டும்தான் சொல்கின்றன. உள்ளே எத்தனை நாள் இருக்கலாம் என்பது அந்தச் சின்ன எண்ணில்தான் இருக்கிறது. ஒருமுறை நுழையும் விசாவில், பயணம் கொஞ்சம் தள்ளிப்போனால் உதவட்டும் என்று பொதுவாக 15 நாள் கூடுதலாகச் சேர்த்தே கடைசித் தேதியைப் போடுகிறார்கள். அந்த 15 நாளும் தனக்குத்தான் என்று தங்கிவிட்டு, கிளம்பும் நாளில் விமான நிலையத்தில் மாட்டிக்கொண்டவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

என் கதை வேறு மாதிரி. என் விசாவில் தேதி ஆறு மாதத்துக்கு இருந்தது, பலமுறை நுழையலாம், தங்கும் நாள் 45. இத்தாலியில் 38 நாள் சுற்றிவிட்டு பாரியிலிருந்து கப்பலில் துர்ரெஸ் போய், அல்பேனியாவிலும் மாண்டினீக்ரோவிலும் இரண்டு மாதம் இருந்தேன். ஷெங்கனை விட்டு வெளியே வந்துவிட்டோம், திரும்பிப் போனால் 45 புதிதாகத் தொடங்கும் என்று முழுமனதாக நம்பினேன். அப்படித்தான் ஹாஸ்டலில் எல்லோரும் சொன்னார்கள், நானும் வேறு சிலருக்குச் சொல்லியிருந்தேன், அதை நினைத்தால் இன்னும் சங்கடமாக இருக்கிறது. கிரீட் தீவில் மூன்று வாரத்துக்கு அறை எடுத்துப் பணமும் கட்டியாகிவிட்டது. அங்கிருந்து போகும் விமானம் 23-வது நாள்.

கிரீஸ் எல்லையில் பேருந்தை நிறுத்தி எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் வாங்கிக்கொண்டு போனார்கள். கொஞ்ச நேரத்தில் என்னை மட்டும் இறங்கச் சொன்னார்கள். அதிகாரி பக்கங்களைப் புரட்டி, ஒவ்வொரு முத்திரையிலும் பேனாவின் பின்பக்கத்தை வைத்து எண்ணினார். ஒரு துண்டுத்தாளில் 45 என்று எழுதி, அதன் கீழே 38 என்று எழுதி, கழித்து, வந்த 7-ஐச் சுற்றி ஒரு வட்டம் போட்டு என் பக்கம் திருப்பினார். கோபமோ கத்தலோ இல்லை. ஏழு நாளுக்குள் வெளியேறுகிற டிக்கெட் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். என்னிடம் இல்லை. பின்னால் பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது, அப்புறம் கிளம்பிவிட்டது. பையைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே நடந்தேன். அறைப் பணம், கப்பல் டிக்கெட், விமான டிக்கெட் எல்லாம் போய், அல்பேனியத் தலைநகர் திரானாவிலிருந்து கடைசி நேர விலையில் வேறு டிக்கெட் வாங்கி முடித்தபோது, மூன்று மாதத்துக்கு வைத்திருந்த பணத்தில் பாதி கரைந்திருந்தது.

பணம் போனதைவிட எனக்கு ஆறாதது வேறொன்று. தெரிந்துகொள்ள வேண்டியது முழுவதும் என் கையிலேயே, ஒரு ஸ்டிக்கரில் இருந்தது.

விசா தேவைப்படாத நாட்டுக்காரர்களுக்கும், 90 நாள் விசா உள்ளவர்களுக்கும் கணக்கு இப்படி: எந்த ஒரு நாளில் நின்று பின்னால் திரும்பிப் பார்த்தாலும், அன்றைய நாளையும் சேர்த்துக் கடந்த 180 நாளில், உள்ளே இருந்த நாட்கள் 90-ஐத் தாண்டக் கூடாது. நுழைந்த நாளும் ஒரு நாள், வெளியேறிய நாளும் ஒரு நாள். இரவு 11.50-க்கு முத்திரை விழுந்தாலும் அது ஒரு முழு நாள்தான். மார்ச் 1 அன்று நுழைந்து ஏப்ரல் 29 அன்று வெளியேறுகிறீர்கள் என்றால் 60 நாள் ஆகிவிட்டது. ஜூன் 1 அன்று திரும்ப நுழைந்தால் ஜூன் 30 அன்று வெளியே இருக்க வேண்டும், அதோடு 90 முடிந்தது. அடுத்த நாள் எப்போது கிடைக்கும்? மார்ச் 1 அந்த 180 நாள் கணக்கை விட்டு விழும்போது, அதாவது ஆகஸ்ட் 28 அன்று. அதிலிருந்து பழைய நாள் ஒன்று விழ விழ, புதிய நாள் ஒன்று கிடைக்கும். ‘வெளியே போய்விட்டு வந்தால் பூஜ்யத்திலிருந்து’ என்பதெல்லாம் வேறு சில நாடுகளில் நடந்த பழக்கம். அதை இங்கே கொண்டுவராதீர்கள்.

டிபிலிசி நண்பர்களின் அட்டவணையில் இன்னொரு சிக்கல். பல்கேரியாவில் 40 நாளை ‘ஷெங்கனுக்கு வெளியே’ என்று பச்சை நிறத்தில் போட்டிருந்தார்கள். ஏதோ பழைய குறிப்பைப் படித்திருக்கிறார்கள். குரோஷியா 2023 ஜனவரி 1 அன்றே ஷெங்கனில் சேர்ந்துவிட்டது. பல்கேரியாவும் ருமேனியாவும் 2024 மார்ச் இறுதியில் வான், கடல் வழிகளுக்கும், 2025 ஜனவரி 1 முதல் தரைவழிக்கும் சேர்ந்தன. நாள் தீர்ந்ததும் போய் உட்கார்ந்துகொள்ளலாம் என்று முன்பு எல்லோரும் கைகாட்டிய மூன்று நாடுகளும் இப்போது கணக்குக்குள் வந்துவிட்டன. ஐரோப்பிய ஒன்றியமும் ஷெங்கனும் ஒன்று என்றும் நினைக்க வேண்டாம். சுவிட்சர்லாந்து, நார்வே, ஐஸ்லாந்து ஒன்றியத்தில் இல்லை, ஷெங்கனில் உண்டு. அயர்லாந்து ஒன்றியத்தில் உண்டு, ஷெங்கனில் இல்லை. பல்கேரியாவுக்காக வைத்த 40 நாளை அவர்கள் செர்பியாவுக்கும் வட மாசிடோனியாவுக்கும் பிரித்துப் போட்டார்கள், அவர்கள் பாஸ்போர்ட்டுக்கு அது நடக்கும்.

முத்திரை மங்கலாக இருக்கிறது, யார் எண்ணப்போகிறார்கள் என்று சிலர் சொல்வார்கள். முத்திரைக் காலத்திலேயே எண்ணினார்கள்: நுழைவு முத்திரை கூர்மையான மூலையுள்ள செவ்வகம், வெளியேறும் முத்திரை மூலை வளைந்த செவ்வகம், பழகிய கண்ணுக்கு நொடியில் பிடிபடும். 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக அந்த முத்திரையை எடுத்துவிட்டு, நுழைவையும் வெளியேற்றத்தையும் முகப்படத்தோடு கணினியில் பதியத் தொடங்கிவிட்டார்கள். அது ஒரு நாளைக்கூட மறக்காது. ஐரோப்பிய ஆணையத்தின் இணையதளத்திலேயே நாள் கணக்கிடும் கருவி இலவசமாக இருக்கிறது. அதில் போட்டுப் பாருங்கள், ஆனால் கையாலும் எண்ணுங்கள். என் நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் நுழைந்த தேதி, வெளியேறிய தேதி, மீதி நாள் என்று மூன்று வரிசை எப்போதும் இருக்கும். அதைப் பார்க்காமல் டிக்கெட் எடுப்பதில்லை.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது

நாடுகளின் வரிசையைப் போட்ட பிறகுதான் இது தெரியவரும். பல நாடுகள் நேராக வருகிறவர்களிடம் இந்தத் தடுப்பூசிச் சான்றிதழைக் கேட்பதில்லை. நோய் உள்ள ஆப்பிரிக்க, தென் அமெரிக்க நாடுகளைத் தொட்டுவிட்டு வந்தால் கேட்கும். ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும், எல்லையில் நின்றுகொண்டு போட்டுப் பயனில்லை. ஒருமுறை போட்டால் போதும்: 2016 ஜூலை 11 முதல் அது ஆயுள் முழுவதும் செல்லும், அதற்கு முன் போட்டதும் சேர்த்து. ‘பத்து வருடம்தான்’ என்று யாராவது சொன்னால் அது பழைய விதி.

உயரத்துக்கு ஒரே தாவலில் போவது

பொலிவியாவில் லா பாஸ் நகரத்துக்கான எல் ஆல்டோ விமான நிலையம் 4,000 மீட்டருக்கும் மேல் இருக்கிறது. கடல் மட்டத்தில் காலைக் காப்பி குடித்துவிட்டு மதியம் அங்கே இறங்கினால் உடம்பு என்ன செய்யும்? நான் இறங்கினேன். பெல்ட்டிலிருந்து பையை எடுத்துத் தோளில் மாட்டுவதற்குள் மூச்சு வாங்கியது. இரவு முழுவதும் தலையை யாரோ உள்ளிருந்து இடிப்பது போல வலி, இரண்டு நாள் வாந்தி. உடற்பயிற்சி செய்கிறவர்களுக்கு வராது என்பது பொய், இளமைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. 3,000 மீட்டருக்கு மேல் போனால், தூங்கும் இடம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் ஒரு நாள் இருங்கள். பெருவிலிருந்து போகிறவர்கள் சுமார் 2,300 மீட்டரில் உள்ள அரேகிபாவில் சில நாள் தங்கி, அப்புறம் தரைவழியாக ஏறினால் எவ்வளவோ தேவலை. நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு திணறினாலோ விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உடனே கீழே இறங்க வேண்டும்.

வாடகை மோட்டார் சைக்கிளும் இன்சூரன்ஸும்

கடைக்காரர் உரிமம் கேட்கவில்லை என்பதற்காக ஓட்டலாம் என்று ஆகாது. சர்வதேச ஓட்டுநர் அனுமதியில் 1949 ஒப்பந்தப்படி ஒன்று, 1968 ஒப்பந்தப்படி ஒன்று என்று முக்கியமாக இரண்டு வகை உண்டு. எல்லா நாடும் இரண்டையும் ஏற்பதில்லை. வியட்நாம் 1968-ஐத்தான் ஏற்கிறது. உங்கள் கையில் இருப்பது எது என்று அட்டையிலேயே போட்டிருக்கும். செல்லாத உரிமத்தோடு விழுந்தால் இன்சூரன்ஸ் நிறுவனம் மருத்துவமனைச் செலவைத் தராமல் ஒதுங்கிக்கொள்ள அதுவே போதும். கால் முறிந்து கிடக்கும் போதுதான் பலர் அந்த விதியை முதல்முறையாகப் படிக்கிறார்கள்.

தனித்தனி டிக்கெட்டில் விமானம் மாறுவது

ஒரே முன்பதிவில் இல்லையென்றால், இடையிலுள்ள விமான நிலையத்தில் பெரும்பாலும் பையை எடுத்து மறுபடி போட வேண்டியிருக்கும். பையை எடுக்க இமிகிரேஷனைத் தாண்ட வேண்டும், அதற்கு அந்த நாட்டு விசா தேவைப்படலாம். விலை குறைவு என்று வாங்கும் முன் இதைப் பாருங்கள்.

நாய்க்கடியைச் சின்னக் காயம் என்று விடுவது

சோப்பும் ஓடும் தண்ணீரும், முழுசாக 15 நிமிடம். அன்றே மருத்துவர். கிளம்பும் முன்பே ரேபிஸ் தடுப்பூசி போட்டிருந்தால், கடித்த பிறகு போட வேண்டிய இம்யூனோகுளோபுலின் என்ற ஊசி மருந்து தேவைப்படாது. தொலைதூர ஊர்களில் கிடைக்கவே கிடைக்காத மருந்து அதுதான்.

கார்டு மெஷின் ‘உங்கள் நாட்டுப் பணத்தில் எடுக்கட்டுமா’ என்று கேட்டால்

வேண்டாம். உள்ளூர்ப் பணம்.

இரண்டு நாளுக்கு ஒரு ஊர்

ஆறு வாரம் தாங்கும். ஒரு வருடம் தாங்காது.

திரும்பிப் போகும் பணத்தில் கை வைப்பது

உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் அன்றைக்கே வீட்டுக்கு டிக்கெட் எடுக்கத் தேவையான தொகை தனிக் கணக்கில், தனிக் கார்டில் இருக்க வேண்டும். பயணத்தை ஒரு மாதம் நீட்டிக்கலாம் என்று ஆசை வரும்போதெல்லாம் கண்ணுக்குத் தெரிவது அந்தப் பணம்தான். எனக்கும் வந்தது, பலமுறை. ஒருநாள் அதிகாலை இரண்டு மணிக்கு தங்கையிடமிருந்து போன், அப்பாவை மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். ஹாஸ்டலின் பொது அறையில் மற்றவர்கள் தூங்கிக்கொண்டிருக்க, படிக்கட்டில் உட்கார்ந்து போனிலேயே டிக்கெட் எடுத்தேன். விலை வழக்கத்தைவிட மூன்று மடங்கு. ஆறு மணிக்கு விமான நிலையத்தில் இருந்தேன்.