மனித உயிரியல் ஆய்வுக் கட்டுரைக்குத் தலைப்பு பிடிப்பது எப்படி?

‘தூக்கம்’, ‘புற்றுநோய்’ என்பதெல்லாம் தலைப்பே அல்ல, பாடப்புத்தக அத்தியாயம். எட்டுப் பக்கத்தில் அடங்காது.

முதலில் ஓர் உறுப்பு அல்லது செயல்பாட்டை எடுங்கள். அதோடு ஒரு காரணியையும் ஒரு வயதுப் பிரிவையும் சேர்த்துக் கேள்வியாக்குங்கள். உதாரணத்துக்கு, ‘மாலையில் எடுக்கும் காஃபீன் பதின்வயதினரின் ஆழ்ந்த உறக்கத்தைக் குறைக்கிறதா?’ இதில் எழுத விஷயம் இருக்கிறது: அயர்வை உணர்த்தும் அடினோசின் என்ற வேதிப்பொருள் மூளையில் போய் ஒட்டும் ஏற்பிகளைக் காஃபீன் அடைத்து அயர்வை மறைக்கிறது, பெரியவர்களின் உடலில் அது பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும்.

அடுத்து, கேள்வியின் முக்கியச் சொற்களை, மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித்தரும் இணையதளமான பப்மெட்டில் (PubMed) ஆங்கிலத்தில் தேடுங்கள். ஆயிரக்கணக்கில் வந்தால் கேள்வியை இன்னும் குறுக்குங்கள். ஐந்துகூடத் தேறவில்லையென்றால் வயது வரம்பைத் தளர்த்துங்கள். முதலில், பல ஆய்வுகளைத் தொகுத்து அலசும் ஒரு மறுஆய்வுக் கட்டுரையைப் படிப்பது நேரத்தை மிச்சப்படுத்தும்.

பலர் சறுக்கும் இடம் ஒன்று: கிடைத்ததெல்லாம் எலி ஆய்வாக இருக்கும், முடிவை மட்டும் மனிதருக்கு எழுதிவிடுவார்கள். சுருக்கத்திலேயே யாரிடம் சோதித்தார்கள், எத்தனை பேர் என்று பாருங்கள். முழுக் கட்டுரை இலவசமாகத் திறக்கிறதா என்பதையும்தான். வகுப்புத் தோழர்களிடம் நாடித்துடிப்பு அளக்கும் எண்ணமிருந்தால், தலைப்பை உறுதிசெய்யுமுன் ஆசிரியரிடம் நெறிமுறை அனுமதி தேவையா என்று கேட்டுவிடுங்கள்.