வாய்க்கு மசியல், குளம்புக்கு எண்ணெய், தொழுவுக்குச் சோடா: கோமாரி வந்தால் செய்ய வேண்டியவை

திருநெல்வேலிப் பக்கம் பிசான நெல் நடவு நேரம். ஐப்பசி, கார்த்திகை மழையில் தொழு சொதசொதவென்று கிடக்கும். காலையில் தீனி வைத்தால் மாடு முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். சப்சப்பென்று வாயைச் சப்புக்கொட்டும், எச்சில் நூல் நூலாகத் தொங்கும். உடம்பில் கைவைத்தால் கொதிக்கும். காய்ச்சல் 104 முதல் 106 டிகிரி ஃபாரன்ஹீட் வரை போகும். ஓரிரு நாளில் நாக்கிலும் ஈறிலும் குளம்பிடுக்கிலும் சில சமயம் மடிக்காம்பிலும் கொப்புளம் வந்து உடையும். இதுதான் கோமாரி; காணை என்றும் சொல்வார்கள்.

எச்சில் வடிகிற மாட்டின் வாய்க்குள் கை விடுமுன் ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அண்மையில் நாய், நரி கடித்ததா? குரல் மாறிக் கத்துகிறதா? விழுங்கவே முடியாமல் முட்ட வருகிறதா? அப்படியிருந்தால் அது வெறிநோயாக இருக்கலாம். கிட்டே போகாமல் மருத்துவரை அழையுங்கள். மற்றபடி எதுவானாலும் கையுறை போட்டுக்கொண்டுதான் வேலை. 1962-க்கு அழைத்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும். தகவல் சொல்லிவிட்டு, வண்டி வரும்வரை கீழே உள்ளதைத் தொடங்கலாம்.

முதல் வேலை மருந்து அரைப்பதல்ல, தொழுவைக் கழுவுவது. 1898-இல் ஜெர்மனியில் ஃபிரீட்ரிக் லோஃப்ளரும் பால் ஃப்ராஷும் கோமாரிக் கொப்புளத்து நீரைப் பாக்டீரியா கூட நுழைய முடியாத வடிகட்டியில் வடித்தார்கள். வடிந்த நீரைக் கன்றுகளுக்குச் செலுத்தியபோது அவற்றுக்கும் நோய் வந்தது. விலங்குகளுக்கு நோய் தருகிற வைரஸ் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது அப்படித்தான், அதுவே முதலாவது. தொழுவில் இதற்கு அர்த்தம் என்னவென்றால், தெளிந்த தண்ணீர் மாதிரி தெரிகிற அந்தக் கொப்புள நீர் முழுக்க நோய். ஒரு மாட்டின் வாயைத் துடைத்த துண்டால் அடுத்த மாட்டைத் துடைத்தால் நீங்களே நோயைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறீர்கள். ‘எப்படியும் வரத்தான் போகுது, எல்லாத்துக்கும் ஒண்ணா வந்து போகட்டும்’ என்று எச்சிலைத் தடவிவிடுகிறவர்களும் உண்டு. கறவையும் கன்றும் நிற்கிற தொழுவில் அது பெரிய நட்டத்தில் முடியும்.

இந்த வைரஸுக்கு ஒரு பலவீனம் இருக்கிறது. புளிப்போ சோடாக் காரமோ கூடினால், அதாவது அவற்றை அளக்கும் பி.எச். அளவு 6-க்குக் கீழே இறங்கினாலோ 9-க்கு மேலே ஏறினாலோ, அதன் ஓடு உடைந்துபோகும். ஆகவே 10 லிட்டர் தண்ணீருக்கு 400 கிராம் சலவைச் சோடா. ஆப்ப சோடாவைக் கரைக்காதீர்கள், அதற்கு அவ்வளவு காரம் கிடையாது. அலுமினிய வாளியும் கூடாது, சோடா அரித்துவிடும். பிளாஸ்டிக் வாளி போதும். சாணியை வழித்துத் தரையைக் கழுவிய பிறகே தெளிக்க வேண்டும். சாணிப்படலத்துக்கு அடியில் வைரஸ் பத்திரமாக இருக்கும், மேலே எவ்வளவு ஊற்றினாலும் வீண். தெளித்துப் பத்து நிமிடமாவது ஊறவிடுங்கள். தொழு வாசலில் இதே கரைசலில் நனைத்த சாக்கைப் போட்டு, உள்ளே போகிறவர்களும் வெளியே வருகிறவர்களும் மிதித்துப் போகச் சொல்லுங்கள். பலரும் ஃபினாயிலை ஊற்றிவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். மணம் வருமே தவிர, கோமாரி வைரஸுக்குக் கொழுப்பு உறை இல்லாததால் ஃபினாயில் அதனிடம் அவ்வளவாக எடுபடாது.

அடுத்தது வாய்க்கான மசியல். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் புண்ணியமூர்த்தி முறைப்படுத்தி, தேசிய பால்வள வாரியம் வழியாகப் பல மாநிலங்களுக்கும் பரவிய செய்முறை இது. ஒரு மாட்டுக்கு ஒரு வேளைக்கான அளவு: சீரகம், வெந்தயம், மிளகு ஒவ்வொன்றும் 10 கிராம், மஞ்சள்தூள் 10 கிராம், பூண்டு 4 பல், வெல்லம் 120 கிராம், ஒரு முழுத்தேங்காய். வீட்டில் தராசு இல்லாவிட்டால் 50 கிராம் பொட்டலமாக வாங்கி ஐந்தாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

சீரகம், வெந்தயம், மிளகு மூன்றையும் 20 முதல் 30 நிமிடம் தண்ணீரில் ஊறவையுங்கள். வெந்தயம் ஊறினால்தான் வழுவழுப்பு வரும், மருந்து புண்ணில் ஒட்டி நிற்பது அதனால்தான். ஊறியதைப் பூண்டு, மஞ்சள், வெல்லத்தோடு மை போல அரைத்து, தேங்காயைத் துருவிக் கடைசியில் சேர்த்துப் பிசையுங்கள். வெல்லத்துக்குப் பதில் உடன்குடிக் கருப்பட்டி போடலாம். ஆனால் பதநீர் இறக்கும் கலயத்தில் சுண்ணாம்பு தடவுவதால் கருப்பட்டியில் அதன் கசடு கிடக்கும், சில சமயம் மணலும் இருக்கும். கொஞ்சம் தண்ணீரில் கரைத்து வடித்தே சேருங்கள். புண்ணில் மணல் உரசினால் மாடு அப்புறம் வாயைத் திறக்காது.

வாயைச் சுத்தமான தண்ணீரால் மெல்ல அலசிவிட்டு, மசியலைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து நாக்கு, ஈறு, மேலண்ணம் எங்கும் தடவ வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று வேளை, மூன்று முதல் ஐந்து நாள். ஐந்து நாளுக்கும் கணக்குப் போட்டால் சீரகம், வெந்தயம், மிளகு, மஞ்சள்தூள் ஒவ்வொன்றும் 150 கிராம், பூண்டு 60 பல், வெல்லம் 1.8 கிலோ, தேங்காய் 15. எல்லாவற்றையும் முதல் நாளே வாங்கி வைத்துவிடுங்கள். மூன்றாம் நாள் தேங்காய் தீர்ந்துபோய், புண் ஆறுவதற்குள் மருந்தை நிறுத்திவிடுவது அடிக்கடி நடக்கிறது.

மசியல் பலன் தராமல் போவது பெரும்பாலும் இந்த மூன்று தவறுகளால்தான். காலையில் ஒரு தடவை அரைத்து ராத்திரிவரை வைத்துக்கொள்வது முதலாவது. பூண்டை நசுக்கிய பிறகுதான் அல்லிசின் என்கிற சத்து உண்டாகிறது, நேரம் ஆக ஆக அது சிதைந்துவிடும். நம் ஊர் வெக்கைக்குத் தேங்காயும் புளித்துவிடும். வேளைக்கு வேளை புதிதாக அரைக்க வேண்டும். இரண்டாவது, தண்ணீர் விட்டு நீர்க்க அரைத்து மூங்கில் குழாயில் புகட்டுவது. விழுங்க முடியாத மாட்டின் தலையைத் தூக்கிப் பிடித்து ஊற்றினால் மருந்து மூச்சுக்குழாய்க்குள் இறங்கி நுரையீரல் கெட்டுவிடும். கோமாரியிலிருந்து தப்பிய மாடு புகட்டலில் சாகும். மூன்றாவது, புண்ணைத் தேய்ப்பது. தொங்குகிற தோலைப் பிய்க்க வேண்டாம், அது தானாக உதிரும்.

குளம்புக்கு எண்ணெய். குப்பைமேனி, வேப்பிலை, மருதாணி, துளசி நான்கும் ஒவ்வொரு கைப்பிடி, பூண்டு 10 பல், மஞ்சள்தூள் 20 கிராம், நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ 250 மில்லி. இலைகளையும் பூண்டையும் அரைத்து எண்ணெயில் போட்டுச் சிறுதீயில் காய்ச்சுங்கள். இலையில் இருக்கும் நீர் தெறிக்கும், அகலமான இரும்புச்சட்டி நல்லது. சலசலப்பு அடங்கி விழுது மொறுமொறுவென்று வரும்போது மஞ்சளைத் தூவி இறக்கிவிடுங்கள். முன்னாலேயே போட்டால் கருகும். மஞ்சளின் சாரமான குர்குமின் தண்ணீரில் அநேகமாகக் கரையாது, எண்ணெயில் கரையும். மஞ்சள் தண்ணீர் தெளிப்பதை விட இந்த எண்ணெய் மேல் என்பதற்கு அதுதான் காரணம். சலசலப்பு அடங்குமுன் இறக்கினால் ஈரம் தங்கி நாலு நாளில் பூசணம் பிடிக்கும்.

பூசுவதற்கு முன்னால் குளம்பிடுக்கைக் கழுவித் துடைக்க வேண்டும். மானூர்ப் பக்கத்துக் கரிசல் மண் பிளவுக்குள் கட்டியாக இறுகிக் கிடக்கும். அதன் மேலேயே எண்ணெய் விட்டால் புண்ணைப் போய்ச் சேராது. அம்பாசமுத்திரம் பக்கத்து வயல் மாடுகளுக்குச் சேறுதான் பாடு. புண் காயும்வரை வயலில் இறக்காமல் காய்ந்த தரையில் கட்டுங்கள். புழு வைத்துவிட்டால் முதல் நாள் சீத்தா இலையை அரைத்து வையுங்கள், அல்லது கற்பூரம் கரைத்த தேங்காயெண்ணெயை விடுங்கள். கற்பூரத்தை அடுப்பின்மேல் கரைக்காதீர்கள், தீப்பிடிக்கும். புழு வெளியேறிய பிறகு மூலிகை எண்ணெய்.

தீனிக்கு இளம்புல், அகத்திக்கீரை, கொஞ்சம் கஞ்சி. வைக்கோல் புண்ணைக் குத்தும். பாவம், சாப்பிடவில்லையே என்று சோற்றையும் கஞ்சியையும் வாளி வாளியாக வைத்தால் வயிறு புளித்து வேறு வினை வரும். கன்றைத் தாயிடம் ஊட்ட விடாதீர்கள். பாலில் வைரஸ் இருக்கும், அது கன்றின் இதயத்தசையைத் தாக்கும். முந்தின நாள் துள்ளிய கன்று மறுநாள் விழுந்து கிடப்பது அதனால்தான். பாலைக் கொதிக்கவைத்து ஆற்றிக் கொடுக்கலாம். வீட்டுக் குழந்தைகளுக்கு வருகிற கை, கால், வாய் நோய் வேறு வைரஸ், மாட்டால் வருவதல்ல.

மாடு இரண்டு நாளாக எதையும் தொடவில்லை, மடி கல்லாகிவிட்டது, குளம்பு கழன்றுவருகிறது, மூச்சு இரைக்கிறது என்றால் மசியலை நம்பி உட்காரக் கூடாது. பாக்டீரியா சேர்ந்துவிட்ட புண்ணுக்கு மருத்துவர் ஊசி தேவை. காய்ச்சலுக்கு யாராவது டைக்ளோஃபினாக் எடுத்துவந்தால் மறுத்துவிடுங்கள். பிணந்தின்னிக் கழுகுகளைக் கொல்வதால் 2006-இலேயே கால்நடைகளுக்குத் தடைசெய்யப்பட்டது. அதற்குப் பதில் மெலாக்சிகம் இருக்கிறது.

மாட்டுக்கு வருகிற, பெரியம்மை எனப்படும் தோல் கழலை நோய் வேறு வைரஸ். இந்தியாவில் 2019-இல் ஒடிசாவில் முதலில் தெரியவந்தது. அதற்குக் கொழுப்பு உறை உண்டு, ஆகவே அங்கே ஃபினாயில் வேலை செய்யும். உடம்புப் புண்ணுக்கு மேலே சொன்ன எண்ணெயேதான், எண்ணெய் அளவு மட்டும் 500 மில்லி. உள்ளுக்கு வெற்றிலை 10, மிளகு 10 கிராம், உப்பு 10 கிராம் அரைத்து வெல்லத்தோடு உருட்டி, முதல் நாள் மூன்று மணிக்கு ஒரு தடவை, பிறகு இரண்டு வாரம் நாளைக்கு மூன்று தடவை நாக்கில் தடவ வேண்டும்.

‘இன்ன மூலிகை வைரஸைக் கொல்கிறது என்று ஆராய்ச்சி சொல்கிறது’ என்று கைப்பேசியில் வரும் செய்தியை எப்படிப் படிப்பது? எங்கே கொன்றது என்று முதலில் பாருங்கள். கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்லில், மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம் சாறு வைரஸை அடக்கியது என்று வைத்துக்கொள்வோம். 400 கிலோ மாட்டின் உடம்பில் ஏறக்குறைய 250 லிட்டர் நீர். அந்த அடர்த்தி வர 25 கிராம் சுத்தமான சாறு, சிதையாமல், முழுவதும் இரத்தத்தில் ஏற வேண்டும். கைப்பிடி இலையைத் தின்னக் கொடுத்து அது ஆகாது. புண்ணில் நேராகப் பூசும்போது மட்டும் அந்த அடர்த்தி எட்டும் தூரத்தில் இருக்கிறது. மசியலும் எண்ணெயும் தொட்ட இடத்தில் வேலை செய்கின்றன. இரத்தத்தில் ஓடும் கோமாரியைத் துரத்துவதில்லை.

அடுத்து, வேறு யாராவது செய்து பார்த்தும் அதே பலன் வந்ததா என்று பாருங்கள். கீழாநெல்லி நல்ல எடுத்துக்காட்டு. 1987-இல் வெங்கடேஸ்வரன், பிளம்பெர்க் குழுவினர் அதன் சாறு மர்மோட் என்கிற அணில் வகை விலங்கின் கல்லீரல் வைரஸை அடக்கியதாக எழுதினார்கள். 1988-இல் சென்னையில் தியாகராஜன் குழு, மஞ்சள் காமாலை பி வைரஸைச் சுமந்த 37 பேருக்குக் கொடுத்ததில் 22 பேரிடம் வைரஸின் அடையாளப் புரதம் மறைந்தது. மருந்தில்லாத வெறும் மாத்திரை தின்ற 23 பேரில் ஒருவரிடம் மட்டுமே. பிறகு மற்றவர்கள் நடத்திய பல சோதனைகளில் அந்தப் பலன் திரும்ப வரவில்லை. செடியின் இனம், மண், பறித்த பருவம் எல்லாம் காரணமாகச் சொல்லப்பட்டன.

கோமாரியை வரும்முன் தடுக்க ஊசிதான். இந்தியாவில் போடுவது ஓ, ஏ, ஆசியா 1 மூன்று வகைக்குமான தடுப்பூசி. கன்றுக்கு நாலாம் மாதம் முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை. எதிர்ப்புச் சக்தி வர இரண்டு மூன்று வாரம் ஆகும். மேலப்பாளையம் சந்தைக்குப் போவதற்கு முந்தின நாள் போட்டுப் பயனில்லை. சந்தையில் வாங்கிய மாட்டை 21 நாள் தனியே கட்டி, அதற்கென்று வேறு வாளி, வேறு கயிறு வையுங்கள். பக்கத்து ஊரில் நோய் வந்துவிட்டால் தள்ளியிருக்கிற ஊரிலிருந்து தொடங்கி நோயுள்ள இடத்தை நோக்கி ஊசி போட்டுக்கொண்டு வர வேண்டும். நோயுள்ள தொழுவில் தொடங்கினால் ஊசி போடுகிறவரின் செருப்பே நோயைச் சுமந்துபோகும். முகாமில் ஐஸ் பெட்டி இருக்கிறதா என்று கேளுங்கள், மருந்து 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் இருக்க வேண்டும், உறையவும் கூடாது. மாட்டுக் காதிலுள்ள மஞ்சள் வில்லையின் 12 இலக்க எண்ணோடு ஊசி போட்ட தேதியைத் தொழுச் சுவரில் கரியால் எழுதி வையுங்கள்.